லிஃப்ட் அம்மாவின் வருகைப் பதிவு

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அண்ணி அவர்களுக்கு உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது.

அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி வர வேண்டும். அதை மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் ஃபோனில் "எப்படி இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கா அண்ணி" என்று சொன்னவன் நான். ஏழு மாதமாகச் சொன்னேன். அது பொய். தெரிந்து சொன்ன பொய்யாக இருந்தால்கூட ஒரு புத்திசாலித்தனம் இருந்திருக்கும். இது திரும்பிப் பார்க்காமலே சொன்ன பொய். ஃபோனில் உண்மையைச் சொல்லலாம் என்றால் எங்கள் வீடு ஒரே அறை, இங்கே தும்மினால் அங்கே பாப்பா முழித்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம். முடிவில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்ததும் நீங்கள் கிளம்பி இங்கே வர வேண்டும். ஏன் என்று இனிமேல் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு பாப்பாவுக்குத் தடுப்பூசி போட சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். ஊசி போட்ட நர்ஸம்மா உங்கள் தங்கையின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்வி. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தமாக இருந்ததா என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. உங்கள் தங்கை பாப்பாவை ஒரு தொடையில் போட்டுக்கொண்டு இன்னொரு தொடையில் தாளை வைத்து டிக் அடித்தாள். நர்ஸம்மா கூட்டிப் பார்த்து, "முப்பதுக்குப் பத்தொன்பது" என்றார். நான் நிம்மதியாக, "அப்ப பாஸ்தானே?" என்று கேட்டேன். நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இதுல கம்மியா எடுக்கணும் சார்." பத்தாவது கேள்வியை நான் இங்கே எழுத மாட்டேன். அதற்கு அவள் 'எப்போதாவது' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தாள். வெளியே வந்ததும், "என்ன இப்படி எழுதிட்ட?" என்றேன். "சும்மா, கை தவறிடுச்சு" என்றாள். நூறு பேர் தொங்கும் பேருந்தில் ஒரு சில்லறை பிசகாமல் டிக்கெட் கிழித்தவளுக்குக் கை தவறுமா என்று ஒரு நடத்துனரைக் கட்டிக்கொண்ட எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் மாத்திரை வாங்குகிற வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

அந்தப் பத்தொன்பதுக்காக அவளை ஒரு வகுப்பில் சேர்த்தார்கள். தாய்மார் மனநலமும் பிள்ளை வளர்ப்பும், எட்டு வாரம், வியாழன்தோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை, இலவசம். துண்டுச்சீட்டின் முன்பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற ஓர் அம்மா, சிரிக்கிற ஒரு குழந்தை. பின்பக்கத்தில் விதிகள். ஒன்று: தாய்மார்கள் கவனம் சிதறாமல் இருக்கக் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம். இரண்டு: மூன்று வகுப்புகள் தவறினால் இடம் ரத்து. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிற நிலைமையில் இருப்பவளுக்கு மருந்து தருகிறார்கள். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் மருந்து. இந்த விதியை எழுதிய அதிகாரிக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் வயதை அவர் யாரையாவது கேட்டுத்தான் சொல்வார். அந்தக் கட்டடத்திலேயே 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கிறது அண்ணி. பூட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கால் உடைந்த நாற்காலிகள் கூரைவரை இருக்கின்றன. அவற்றை யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் வியாழன் அவளை அனுப்பிவிட்டு நான் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சூப்பர்வைசரிடம் ஆஸ்பத்திரி லிஃப்டில் சத்தம் வருகிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அவள் போய் உட்கார்ந்த நாற்பது நிமிடத்தில் நான் பதினோரு தடவை ஃபோன் செய்தேன். பால்பவுடர் எத்தனை கரண்டி, தண்ணீர் எவ்வளவு சூடு, நாப்கின் எங்கே, அழுகை எதற்கு, இந்த அழுகை பசியா தூக்கமா, அழுகை நின்றுவிட்டது, அது ஏன். பதினோராவது அழைப்பில் அங்கே ஆலோசகர், "ஃபோனை அணைச்சுட்டு மனசை லேசாக்குங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. உங்கள் தங்கை மனதை லேசாக்க வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் கோபப்படவில்லை. அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். பழைய ஆளாக இருந்தால் தெருமுனையிலேயே ஆரம்பித்திருப்பாள். அன்றைக்குப் பாப்பாவை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் நீ போ. கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு. இடம் போயிடும்" என்றாள்.

நான் போனேன். சிரிக்காதீர்கள் அண்ணி, சிரித்தாலும் பரவாயில்லை. பதிவேட்டில் தாயின் பெயர், தாயின் வயது, தாயின் கையொப்பம் என்று மூன்றே கட்டம். "நான் அப்பாங்க" என்றேன். உதவியாளர் பெண் நிமிரவே இல்லை. "அப்பாவுக்குக் கட்டம் இல்ல சார். பன்னெண்டு பேர் வந்தாத்தான் மேலிடத்துல கணக்கு எடுத்துப்பாங்க. நீங்க பன்னெண்டாவது. கையெழுத்துப் போடுங்க." போட்டேன். அன்றிலிருந்து அரசாங்கத் தாளில் நான் ஒரு தாய். உள்ளே வட்டமாகப் பாய், திண்டு, ஜன்னலுக்குத் திரை. ஒருவரையொருவர் பட்டப்பெயரில் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவர் ரெட்டை அம்மா, கையெல்லாம் பிள்ளை கடித்த தழும்போடு ஒருவர் கடி அம்மா. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். லிஃப்ட் அம்மா ஆகிவிட்டேன்.

அங்கே என்ன நடந்தது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆலோசகர் சின்னப் பெண், குரல் பஞ்சு மாதிரி. கண்ணை மூடச் சொன்னார், நாலு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னார், ஆறு எண்ணி விடச் சொன்னார். மூன்றாவது மூச்சில் நான் தூங்கிவிட்டேன். குறட்டை விட்டதாகக் கடி அம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து, தூங்கித் தெளிந்த முகத்தோடு, படித்ததை உங்கள் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் இடுப்பில் பாப்பா, அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் தண்ணீர்க்காரர் கத்துகிறார். "நாலு எண்ணி மூச்சை இழு" என்றேன். "இழுத்து?" என்றாள். "அப்புறம் விடணும்." "எங்க விடறது? இடம் இருக்கா இங்க?" என்றாள். அது நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் வீட்டுப்பாடம். தினமும் இருபது நிமிடம் உங்களுக்கே உங்களுக்காக ஒதுக்குங்கள், ஒதுக்கினால் அட்டவணையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுங்கள் என்றார்கள். நான் தினமும் இருபது நிமிடம் பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கதவுக்கு உள்பக்கம் உங்கள் தங்கை அழுகிற பிள்ளையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். நாலு வாரத்தில் இருபத்தேழு நட்சத்திரம். வகுப்பிலேயே அதிகம். ஆலோசகர் எல்லோரையும் எனக்குக் கை தட்டச் சொன்னார். ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை பால் எடுக்கும்போதும் அவள் அதைப் பார்க்கத்தானே வேண்டும்.

இதற்கு நடுவில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேறு உயிரை எடுத்தது. ஆறு மாடி, நாங்கள் ஐந்தாவது. பழைய லிஃப்ட், என் கம்பெனிதான் பராமரிப்பு. ஒரு மாதமாகக் காலையில் பதினொரு மணி வாக்கில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி தானாகவே கிளம்பிவிடும். நான் சாயங்காலம் வந்து பார்ப்பேன். கதவு சென்சாரை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டேன். பராமரிப்புப் பதிவேட்டில் 'பழுது எதுவும் தென்படவில்லை' என்று ஐந்து தடவை எழுதினேன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், பென்ஷன் வாங்குகிறவர், கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "சொந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரி பண்ணத் துப்பில்ல, நீ எல்லாம் ஆஸ்பத்திரி லிஃப்டைத் தொடறியாப்பா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு அவமானம். இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தேன். அது நிற்கும்போது உள்ளே இருந்தது யார் என்று மட்டும் ஒருநாளும் யாரையும் கேட்கவில்லை.

போன வியாழன் ஆறாவது வகுப்பு. ஆலோசகர், "கடந்த ஏழு நாள்ல ஒருநாளாவது தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினவங்க கை தூக்குங்க" என்றார். நான் சட்டென்று தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தவன் தூக்குவானே, அப்படி. சுற்றிப் பார்த்தால் மேலே இருந்தது ஒரே ஒரு கை. பதினோரு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். கோபமில்லை அண்ணி, வேடிக்கை பார்த்தார்கள். ஏழைகள் நடுவில் ஒருவன் தங்கப் பல்லைக் காட்டிச் சிரித்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

ரெட்டை அம்மாதான் ஆரம்பித்தார். "ராத்திரி உன் புள்ள அழுவாதா?"

"அழும்."

"அழுதா யாரு எழுந்திரிப்பா?"

"என் பொண்டாட்டி."

"இப்ப அவ எங்க?"

"வீட்ல. புள்ளய பாத்துக்கறா."

"அப்ப தூக்கமில்லாம இருக்கறவ வீட்ல இருக்கா. நல்லாத் தூங்கினவன் இங்க வந்து மறுபடியும் தூங்கிட்டுப் போறான்" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு. சிரித்துக்கொண்டே இருந்த கடி அம்மா திடீரென்று அழ ஆரம்பித்தார். ஆலோசகர் நோட்டில் ஏதோ எழுதினார். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. பன்னிரண்டு மணிவரை உட்கார முடியவில்லை. எழுந்து செருப்பைத் தேடாமல்கூட வந்துவிட்டேன். பாதி வழி வந்து திரும்பிப் போய் எடுத்தேன்.

கட்டடத்துக்குள் நுழையும்போது பதினொன்றரை. செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, "இன்னிக்கு அரை மணி ஆச்சு, அசைய மாட்டேங்குது, உன் மிஷினு" என்று கத்தினார். நான் படியேறினேன். மூன்றாவது மாடியிலேயே பாப்பாவின் அழுகை கேட்டது. ஐந்தாவது மாடிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. சாவி போட்டுத் திறந்தால் பாப்பா தொட்டிலில் நனைந்து, முகம் சிவந்து, குரல் கம்மி அழுகிறாள். உங்கள் தங்கை இல்லை. அடுப்பு அணைந்திருக்கிறது. அவள் ஃபோன் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. குளியலறையில் இல்லை. பால்கனியில் இல்லை. பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்காதீர்கள். அந்தப் பத்தாவது கேள்வி, அந்த 'எப்போதாவது' கட்டம், அந்த டிக், பேனாவை அவள் பிடித்திருந்த விதம், எல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றன. கீழே சைக்கிள்கள்தான் இருந்தன. அப்புறம்தான் லிஃப்ட் ஞாபகம் வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நாலாவது மாடி லிஃப்ட் கதவைத் தட்டி அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

மூச்சு வாங்க மேலே வந்து நின்ற செயலாளரின் கையில் பாப்பாவைத் திணித்தேன். அவர் வெடிகுண்டை வாங்கின மாதிரி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பழக்கமில்லப்பா! மூணு புள்ளைக்கு அப்பன், ஒன்னையும் தூக்கினதில்ல!" "இன்னிக்குத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஓடினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். கயிற்றில் மாடிக்கு மாடி மஞ்சள் பெயின்ட் குறி இருக்கும். குறிக்குக் குறி வருகிறவரை இறக்க வேண்டும். பதினாலு வருடத்தில் எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட வேர்த்ததில்லை. அன்றைக்கு அரை மாடி இறக்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவது மாடிக்கு வந்து சாவி போட்டுக் கதவை இழுத்தேன்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைக்குப் பின்னால் பாப்பாவின் சின்னத் தலையணை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள் அண்ணி. அவள் தலைக்கு மேலே பலகையில் சிவப்பு சுவிட்ச் 'நிறுத்து' பக்கம் தள்ளியிருந்தது. கல்யாணமான புதிதில், பயப்படாதே, ஆபத்து என்றால் இதைத் தள்ளு என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

அவளை எழுப்பி நான் சொன்ன முதல் வார்த்தையை எழுத வெட்கமாக இருக்கிறது. "பாப்பா அழுவுறா" என்றேன்.

"அழத்தான் செய்வா" என்றாள். அப்புறம், "மணி என்ன?"

"பதினொன்னே முக்கால்."

"முக்கா மணி தூங்கிட்டேனா?" என்றாள். முகத்தில் சந்தோஷம், அண்ணி. பாப்பா பிறந்ததிலிருந்து நான் பார்க்காத சந்தோஷம். அடுத்த நிமிடமே அது போய்விட்டது. "அவ தூங்கினதுக்கு அப்புறம்தான் வருவேன். பத்து நிமிஷத்துக்கு மேல இருக்க மாட்டேன். இன்னிக்கு அசந்துட்டேன். சத்தியமா தெரியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்டுலயா? வேற இடமே கிடைக்கலயா?"

"எங்க இருக்கு? பாத்ரூம்ல உக்காந்தா நீ கதவத் தட்டுவ. மாடிக்குப் போனா துணி காயப்போட வர்றவங்க, புள்ளய விட்டுட்டு இங்க என்ன பண்றன்னு கேப்பாங்க. லிஃப்டு நின்னுட்டா உள்ள இருக்கறவள யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மெக்கானிக்கத்தான் திட்டுவாங்க."

செயலாளர் பாப்பாவை நீட்டிப் பிடித்தபடியே படியிறங்கி வந்து, "அப்ப இது மிஷின் கோளாறு இல்லையா?" என்றார். "மிஷின் கோளாறுதான் சார், என் மேல புகார் எழுதுங்க" என்று சொல்லிப் பாப்பாவை வாங்கினேன். அவர் சட்டை முழுக்க ஈரம். அவர் வாழ்க்கையில் முதல் ஈரம்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. நான் வேலைக்குப் போனால் கை ஓடவில்லை, மணிக்கு நாலு தடவை ஃபோன் செய்கிறேன். நர்ஸம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மனநல மருத்துவரிடம் அடுத்த மாதம் முதல் திங்கள் நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதுவரை ஒன்பது நாள் இருக்கிறது. நீங்கள் உடனே வாருங்கள். ஒரு மாதமாவது இருங்கள். நீங்கள் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு, சமையலையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டால், அவள் தூங்குவாள், வகுப்புக்குப் போவாள், நானும் நிம்மதியாக வேலைக்குப் போவேன். உங்களைத் தவிர எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் பிள்ளைகளை அண்ணன் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு எந்தக் குறையும் வராமல், நல்ல தூக்கத்தோடு, நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்பும்,

உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம்.

தபால் தலை ஒட்டுவதற்காக இதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். உங்கள் தங்கை எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "எங்கக்காவுக்கு ரெண்டு புள்ள. மூணாவதா என் புள்ள, நாலாவதா நான், அஞ்சாவதா நீயா? அவ ஆறு மணி நேரம் தூங்கினாளான்னு இந்த நாலு தாள்ல ஒரு எடத்துல கேட்டிருக்கியா?" என்றாள். சத்தமாகத்தான் கேட்டாள் அண்ணி. பேருந்தின் பின்படி வரைக்கும் கேட்கிற பழைய குரல். பாப்பா முழித்துக்கொண்டது. நான் பதில் சொல்வதற்குள் பையில் இரண்டு துணியைப் போட்டாள். "நீ இருக்க இல்ல? நான் போய்த் தூங்கிட்டு வரேன். டாக்டரப் பாக்கற நாளுக்கு முந்தின நாள் வருவேன்" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுக்கிறவள் அவள்தான். தபால் தலை மிச்சம். அவளை எழுப்பாதீர்கள், பாப்பா எங்கே என்று கேட்காதீர்கள், அறைக்குச் சாத்துகிற கதவு இருந்தால் போதும். பகலில் மட்டும் அடிக்கடி எட்டிப் பாருங்கள், தனியாக ரொம்ப நேரம் விடாதீர்கள். ராத்திரி நீங்களும் பக்கத்தில் படுத்துத் தூங்குங்கள். சமையலை அண்ணன் பார்க்கட்டும். தெரியாவிட்டால் எனக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள். எனக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து தீய்த்துக்கொள்வோம். நான் பத்து நாள் விடுப்புப் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன், அவர் இன்னும் நம்பவில்லை. வியாழக்கிழமை வகுப்புக்குப் பாப்பாவையும் தூக்கிக்கொண்டுதான் போகப்போகிறேன், கவனம் யாருக்குச் சிதறுகிறது என்று பார்த்துவிடலாம். ஃப்ரிட்ஜில் இருந்த நட்சத்திர அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

பாப்பா பசிக்கு அழுகிறாள். எத்தனை கரண்டி என்று கேட்டு உங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்ய மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். பால்பவுடர் டப்பாவிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.